கடைசி ஆளைத் தொடச் சொல்லுங்கள்

ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள், நல்லது தம்பி. கேட்டவுடனே நகர்ந்து உட்கார்ந்தீர்கள் பாருங்கள், அப்போதே நினைத்தேன், இவர் கதை கேட்கிற ஆள் என்று. இல்லாவிட்டாலும் என்ன, கல்லிடைக்குறிச்சி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. நடுவில் எங்கே ஓடிவிடப் போகிறீர்கள்? கல்லிடைக்குத்தான் டிக்கெட் வாங்கினீர்கள், என் காதில் விழுந்தது. நான் பாபநாசம் வரைக்கும் எடுத்திருக்கிறேன். அந்தக் கண்டக்டர் என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் பாபநாசந்தானா?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாரே, அதைக் கண்டுகொள்ளாதீர்கள். அவருக்கு வேறு வேலை கிடையாது.

இந்தப் போனைக் கொஞ்சம் பாருங்கள். பார்க்க மட்டும். விரலை வைத்துவிடாதீர்கள், வைத்தால் ஆள் மாறிவிடும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போட்டோ தெரிகிறதா? 1983. பதினெட்டுக் கிராமத்தை அளந்து முடித்து, மணிமுத்தாற்றில் கூடாரத்தைப் பிரித்த அன்று எடுத்தது. அத்தனை பேரும் சர்வேயர்கள், அளவுச் சங்கிலி பிடிக்கிறவர்கள். இடது ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பக்கத்தில் மூன்று காலில் நிற்கிறதே, அது தியோடலைட், கோணம் பார்க்கிற கருவி. அதற்கும் ஓர் ஆள் இடம் கொடுத்து வரிசையில் நிறுத்தினோம். எங்களில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான். அதற்கு அடுத்து, மூன்றாவதாக, மீசையோடு நிற்பது நான், அருமைநாயகம். அந்த மீசையில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டப் பார்த்தது, நம்பினால் நம்புங்கள்.

ஆறாவது ஆளைப் பாருங்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, போட்டோ எடுக்கிறவனிடமே தப்புக் கண்டுபிடிக்கிற முகத்தோடு. அவன்தான் சுயம்புலிங்கம். வலது ஓரத்தில், பன்னிரண்டாவது இடத்தில், கூச்சப்பட்டுச் சிரிக்கிறவன் மாசானமுத்து. மூன்று, ஆறு, பன்னிரண்டு. இவ்வளவு ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் இந்தக் கதைக்கு வேண்டாம். அவர்கள் இப்போது இல்லவும் இல்லை. மாசானமும் இல்லை. பாக்கி நானும் சுயம்பும்.

சுயம்பும் நானும் பதினேழு வருஷம் ஒரே கூடாரம், ஒரே ஸ்டவ். நான் சமைப்பேன், அவன் குறை சொல்வான். அளவில் ஒரு விரற்கடை தவறினாலும் மறுபடி முதல் எல்லைக் கல்லிலிருந்து ஆரம்பிப்பான். வெயிலில் எங்களை நிறுத்திக் கொன்றிருக்கிறான். ஒரு பண்ணையார் வீட்டில் மோர் கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டான், அவர் வயலை அளந்து முடிக்கிற வரைக்கும். அப்படி ஒரு ஆள். எனக்கோ வாய் சும்மா இருக்காது. நாள் முழுக்க உள்ளதை உள்ளபடி எழுதினால், பொழுது சாயும்போது இல்லாததைக் கொஞ்சம் பேச வேண்டாமா? அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். சிரிக்க மாட்டான். ஆனால் நடுவில் நிறுத்தினால், "பெறவு?" என்பான்.

அந்த "பெறவு?" நின்று இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

அவன் மகள் ஆவுடையைப் பெண் பார்க்க வந்தார்கள். 2003, ஆவணி மாதம். சுயம்புவே என்னைக் கூப்பிட்டான். "வாரவங்க விறைச்சுப் போயி உக்காந்திருப்பாவ. நீ வந்து நாலு வார்த்தை பேசி கலகலன்னு ஆக்கு" என்று அவன் வாயால் சொன்னான். இதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. போனேன். பேசினேன். கலகலன்னு ஆகத்தான் ஆயிற்று.

என்ன பேசினேன் என்றால், ஒன்றுமில்லை, சும்மா ஒரு கதை. சுயம்பு ஒரு பண்ணையாரிடம் ஒரு கூடை மாம்பழம் வாங்கிக்கொண்டு, அந்த ஊர்க் குளத்தையே வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தூக்கி வரைந்துவிட்டான். மறுநாள் குளத்து வாத்துகள் வரிசையாகத் தாலுகா ஆபீஸுக்கு மனு கொடுக்க வந்தன. முன்னால் வந்த வாத்து வாயில் ரெவின்யூ ஸ்டாம்பு வைத்திருந்தது. கேட்கிற யாருக்கும் தெரியாதா, இது கதை என்று? எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்தவராம்.

"நெசமாவே மாம்பழம் வாங்கினாரா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். கதைக்கு ஒரு வேகம் இருக்கிறதே, தம்பி. சைக்கிள் இறக்கத்தில் போகிற மாதிரி. "ஒரு கூடையா? ரெண்டு கூடைல்லா!" என்றேன்.

அவர்கள் கேசரியைத் தொடவில்லை. ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்றார்கள், எழுதவில்லை. அப்புறம் இன்னும் இரண்டு இடம் வந்து, அதே பேச்சு காதில் விழுந்து, தட்டிப்போனது. நாலு வருஷம் கழித்துப் பூனாவில் ஓர் இடம் அமைந்தது. இரண்டாம் தாரம். மாப்பிள்ளை தங்கமானவர் என்றுதான் கேள்வி. ஆவுடை வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிறாள். நல்ல வாழ்க்கைதானே? நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் பூனாவைக் கண்ணால் பார்த்திருப்பாளா?

சுயம்பு கத்தவில்லை. வந்தவர்கள் போன பிறகு வாசல் வரைக்கும் என்னோடு வந்தான். என் செருப்பு கோணலாகக் கிடந்தது. குனிந்து அதை நேராகத் திருப்பி வைத்தான். அவனுக்கு எதுவும் கோணலாகக் கிடக்கக் கூடாது. வைத்துவிட்டு, "இனிமே என் வாசலை மிதிக்காதே, அருமை" என்றான். அவ்வளவுதான்.

நானும் விட்டுவிட்டேன். ரோஷம் எனக்கு மட்டும் இல்லையா? பாளையங்கோட்டையில் நான் பாட்டுக்கு இருக்கிறேன். மனைவி போய் ஒன்பது வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. மெஸ்ஸிலிருந்து கேரியர் வருகிறது. ஒரு காக்காய் வருகிறது. அதனிடம் பேசுவேன். நான் பொய் சொல்கிற இடத்தில் மட்டும் அது தலையைச் சாய்க்கும், அவ்வளவு விவரமான காக்காய். எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, போட்டோவுக்கு வருகிறேன். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று பதிவு செய்ய வேண்டும், தெரியுமா? அதற்கு எங்கள் தெருமுனையில் செய்யதம்மாள் டீச்சர் நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவேன். ஐம்பது வயது இருக்கும் அவளுக்கு. போன வருஷம் நான் என் உயிரைப் பதிவு செய்யக் காத்திருந்தபோது, டீச்சர் திரையில் தமிழ்நாட்டுப் படம் ஒன்று வைத்திருந்தாள். திருநெல்வேலி மேல் அம்புக்குறியை வைத்து அமுக்கினாள், திருநெல்வேலி பற்றிய பக்கம் திறந்தது. தூத்துக்குடி மேல் அமுக்கினாள், தூத்துக்குடி திறந்தது. படம் ஒன்றுதான். பொத்தான் எதுவும் கிடையாது. தொடுகிற இடத்துக்கு ஏற்ற மாதிரி வேறு வேறு கதவு.

எப்படி என்று கேட்டேன். "உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத எல்லை போட்டிருக்கு ஐயா" என்றாள். "ஒவ்வொரு மூலைக்கும் ரெண்டு நம்பர். இடது ஓரத்துல இருந்து எத்தனை புள்ளி, மேல இருந்து எத்தனை புள்ளி. மூலை எல்லாத்தையும் வரிசையாக் கொடுத்துட்டா அந்த இடம் மட்டும் ஒரு லிங்க் ஆயிரும்."

தம்பி, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூலைக்கு மூலை கல், கல்லுக்குக் கல் அளவு, கடைசியில் முதல் கல்லிலேயே வந்து மூடுவது. நாற்பது வருஷம் நான் செய்த தொழிலை எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள். வெயில் மட்டும்தான் இல்லை. அன்றைக்கே மூன்று மாதப் படிப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். நான் சேர்ந்த வாரமே அந்தச் சென்டரின் கரன்ட் பில் பாதியாகிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். இந்தப் போட்டோவைப் பெரிதாக ஏற்றினேன். ஒவ்வோர் ஆளுக்கும், வானத்திலிருந்து கால் வரைக்கும் ஒரு நீளப் பட்டை, வயலைப் பங்கு வைக்கிற மாதிரி. நேர்கோடாகப் போட்டால் தோள் அடுத்தவன் பங்கில் போய்விடும். அதனால் வளைத்து வளைத்துக் கல் நட்டேன். சுயம்புவின் தோளும் பக்கத்து ஆள் முழங்கையும் இடிக்கிற இடத்துக்கு மட்டும் பதினான்கு புள்ளி, இரண்டு நாள். ஆக்கிரமிப்பு என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. வருகிற நிலையிலும் யாரும் இல்லை. தியோடலைட்டுக்கு லிங்க் கொடுக்கவில்லை. அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினேன். எல்லாம் என் பாணியில்தான். சங்கிலி பிடிக்கிற ஐசக்கின் பக்கத்தில், ஒரு முதலை சங்கிலியின் நுனியைக் கடித்துக்கொண்டு அக்கரைக்கு நீந்த, அப்படியே ஆற்றின் அகலத்தை அவன் குறித்துக்கொண்டான் என்று எழுதினேன். மாசானமுத்து பக்கத்தில், வயல் எல்லையை வரைந்த புலப்படத்தை ஓர் ஆடு தின்றுவிட்டதால் அந்த ஆட்டையே ரெக்கார்ட் ரூமில் கட்டிவைத்து மூன்று வருஷம் தழை போட்டான் என்று எழுதினேன். அவனைப் பற்றி உள்ளதை எழுத மனசு வரவில்லை. அவன் நிஜமாகவே கை நீட்டினவன். விசாரணை வந்து, வேலை போய், அந்த ஏக்கத்திலேயே செத்தான். ரூபாய் கை மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதில் கதை இல்லை. அதனால் ஆடு.

பெயர் எதையும் எழுதவில்லை. முகத்தைத் தொட்டுத்தானே உள்ளே வருகிறார்கள், அப்புறம் பெயர் எதற்கு? "இந்த மனிதர்" என்று ஆரம்பிப்பேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

என் பக்கத்தில் என்னைப் பற்றி நன்றாகவே எழுதிக்கொண்டேன். வேறு யார் எழுதப் போகிறார்கள்? இந்த மனிதர் பொதிகைமேல் ஏறி ஒரு கண்ணை மூடினால் மூன்று ஜில்லாவுக்குக் கோணம் சொல்வார், இவர் நடந்த வரப்பில் புல் நேராக முளைக்கும் என்றெல்லாம். கடைசியில் ஒரே ஒரு வரி. "இவருக்கு ஒரு குறை உண்டு. தப்பு தன்மேல் என்று தெரிந்தாலும் மன்னிப்புக் கேட்க வாய் வராது."

சுயம்புவின் பக்கத்தை மட்டும் கதை இல்லாமல் எழுதினேன். அந்த நாலு வரிக்கு ஒரு மாதம் ஆனது. அப்படியே சொல்கிறேன், மனப்பாடம்தான். "இந்த மனிதர் யாருக்காகவும் ஒரு கல்லை ஒரு விரற்கடை நகர்த்தியது இல்லை. இவர் கை நீட்டினார் என்று நாலு பேர் முன்னால் நான் சொன்னது பொய். அதனால் இவர் வீட்டில் நடக்க வேண்டியது நடக்காமல் போயிற்று. எல்லார் முன்னாலும் சொன்ன பொய் என்பதால், எல்லாரும் பார்க்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். அருமைநாயகம்."

ஒரு தபால் அட்டையில் வெப்சைட் விலாசத்தை மட்டும், புலப்படத்தில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தாக எழுதி, அவனுக்குப் போட்டேன். வேறொன்றும் எழுதவில்லை. எவனும் முதலில் தொடுவது தன் முகத்தைத்தானே?

ஆறாம் நாள் போன் வந்தது. "ஏலே அருமை" என்று குரல். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம். தேய்ந்த குரலாக இருந்தது, வயதாகிவிட்டது அவனுக்கு. "மன்னிப்புக் கேக்க வாய் வராதவன் நானாலே?" என்றான். வைத்துவிட்டான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கம்ப்யூட்டரில் போய் அவனைத் தொட்டேன். நாலு வரியும் ஒழுங்காக வந்தது. கிறுக்குப் பிடித்துவிட்டது அவனுக்கு என்று நினைத்தேன். ஆனால் குரலைக் கேட்டேன் இல்லையா, அதனால் அன்றைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டையும் ஒரே தடவையில் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மாசானமுத்துவின் மனைவி சண்முகவடிவு வந்தாள். அவளுக்கும் விலாசத்தை எழுதி ஓர் அட்டை போட்டிருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து, இரண்டு பஸ் மாறி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. உள்ளே வந்தவள் உட்காரவே இல்லை. "அண்ணாச்சி, நீங்க எழுதுனதைப் படிச்சேன். இருபத்தஞ்சு வருஷம் அவுக படத்தை அரிசிப் பானைக்குப் பின்னால வச்சிருந்தேன். நேத்து முன்னறையில மாட்டிட்டேன்" என்றாள்.

ஆட்டுக் கதைக்கா இவ்வளவு என்று யோசித்தேன். அவள் போனை எடுத்தாள், இதே மாதிரித் தொடுகிற போன். படத்தைக் காட்டினாள். மாசானத்தின் மேல் விரலை வைத்தாள். சுயம்புவின் பக்கம் திறந்தது. "இந்த மனிதர் யாருக்காகவும் ஒரு கல்லை…"

அப்போதுதான் தெரிந்தது, தம்பி. நான் கல் நட்டது என் வீட்டுப் பெரிய திரையில். போனில் படம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. கல் சுருங்கவில்லை. போட்ட இடத்திலேயே நிற்கிறது. பன்னிரண்டாவது ஆளைத் தொட்டால் ஆறாவது ஆளின் பங்கில் விரல் விழுகிறது. ஆறாவதைத் தொட்டால் மூன்றாவதில். சுயம்பு தன்னைத் தொட்டிருக்கிறான், என் பக்கம் திறந்திருக்கிறது, கடைசி வரியைப் படித்திருக்கிறான். நாற்பது வருஷம் நிலத்தை அளந்தவனுக்கு நிலம் சுருங்கும் என்று எப்படித் தோன்றும்? ஒரு புது சர்வேயர் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். என்னை மாதிரிப் பழையவன்தான் செய்வான்.

என் வீட்டில் மட்டும் எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். வேறெங்கும் இல்லை.

வடிவிடம் சொல்ல வாயெடுத்தேன். "பெரியவன் பொண்டாட்டி வீட்டுக்காரவங்க எல்லாம் படிச்சாவ, அண்ணாச்சி. சம்பந்தி என்னைப் பார்த்து முதல் தடவையா உக்காருங்கன்னு சொன்னாரு" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். 2003-இல் வராத புத்தி.

இன்னொன்றும் சொன்னாள். படித்த அன்றைக்கே சுயம்புவுக்குப் போன் போட்டு, நாலு வரியையும் வாசித்துக் காட்டினாளாம். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னானாம். அப்புறம், "ஆமாம்மா, மாசானம் அப்படிப்பட்டவன்தான்" என்றானாம். கேட்டீர்களா? மோர் குடிக்காத சுயம்பு! விசாரணையில் மாசானத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னதே அவன்தான். வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறான். என் பொய்க்காக என்னை வாசல் மிதிக்காதே என்றவன். அது போகட்டும், தனக்காக எழுதினது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை பாருங்கள். இரண்டு தடவை கேட்டும் புரியவில்லை. மரமண்டை.

"அண்ணாச்சி வெளியில எங்கயும் போவாரான்னு கேட்டாவ" என்றாள் வடிவு. எதற்குக் கேட்பான்? எதிரில் வந்துவிடக் கூடாதே என்று. நானும் விடவில்லை. "புதன்கிழமை தோறும் பத்து மணி பஸ்ஸில் பாபநாசம் போய் அருவியில் குளிப்பேன், கல்லிடை வழியாகத்தான் போவேன், போய்ச் சொல்" என்றேன். குளிப்பதாவது. ஜலதோஷம் பிடித்தால் கஷாயம் வைத்துக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

செய்யதம்மாள் டீச்சர், அரை மணி நேரத்தில் சரி பண்ணிவிடலாம், படம் சுருங்கினால் எல்லையும் கூடவே சுருங்குகிற மாதிரி ஒரு வழி இருக்கிறது என்றாள். வேண்டாம் என்றேன். "தப்புன்னு தெரிஞ்சுமா விடுறீங்க ஐயா?" என்றாள். சரி பண்ணினால் வடிவு தன் புருஷனைத் தொடும்போது ஆடு வரும். சம்பந்தி தொட்டாலும் ஆடு வரும். அந்தப் படம் மறுபடி அரிசிப் பானைக்குப் பின்னால் போகும். அவள் குடியேறிவிட்டாள், தம்பி. குடியேறினவர்களை எப்படிக் காலி செய்வது?

சரி பண்ணிவிட்டு, இரண்டு பேருக்கும் அதே நாலு வரியைப் போட்டுவிடுங்கள் என்று டீச்சர் ஒரு யோசனை சொன்னாள். எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா கொடுப்பது எங்கள் தொழிலிலேயே பெரிய பாவம். சுயம்பு பார்த்தால் கேட்பான், "மாசானத்துக்கும் இதேதானா? அப்போ எனக்கு எழுதினதுக்கு என்ன மதிப்பு?" என்று. அவன் கேட்பான். அவனை எனக்குத் தெரியும்.

அதனால் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு புதன்கிழமை இதே பஸ்ஸில் ஏறினேன். கல்லிடைக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். பஸ் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஸ்டாப்புக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் சுயம்பு! கழுத்து வரைக்கும் பொத்தான். நேராகப் பஸ்ஸையே பார்க்கிறான். நான் இறங்கிவிடுவேனோ என்று காவல். டிக்கெட்டை நீட்டிப் பாபநாசம் வரை போட்டுக்கொண்டேன். அடுத்த புதனும் அங்கேயே இருந்தான். அதற்கு அடுத்த புதனும். மழை பெய்தது ஒரு புதன், குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவ்வளவு வைராக்கியம். இன்றைக்கு ஒன்பதாவது புதன்.

டீக்கடை அவன் வாசல் இல்லையே என்கிறீர்களா? அவன் வீடு ஸ்டாப்பிலிருந்து நானூறு மீட்டர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோபத்துக்கு யார் புலப்படம் போட்டார்கள்? அவன் வாசல் எங்கே முடிகிறது என்று நான் எப்படிச் சொல்வது?

இப்போது நீங்கள் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மூன்றாவது ஆளை, என்னை. தைரியமாக வையுங்கள். ஒன்றும் வரவில்லை, இல்லையா? இன்னொரு தடவை. வராது. பாதியாகச் சுருங்கும்போது என் இடத்தில் அந்த மூன்று கால் கருவி வந்து நிற்கிறது. அதற்குத்தான் லிங்க் கிடையாதே. போனில் யார் தொட்டாலும் நான் திறக்க மாட்டேன். பரவாயில்லை. என்னைத் தொட்டுப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வீரவநல்லூர் தாண்டிவிட்டது. இனி நேரம் இல்லை, கேளுங்கள். நேற்றுக் காலையில் காக்காய்க்குச் சோறு வைக்கும்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. படத்தை மாற்ற வேண்டாம், கல்லைப் பிடுங்க வேண்டாம், வடிவையும் கிளப்ப வேண்டாம். சுயம்புவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். "உன்னைத் தொடாதே. கடைசி ஆளைத் தொடு. அங்கே திறப்பதுதான் உன்னுடையது." அவ்வளவுதான். அவன் சர்வேயர், அவனுக்கு விளக்கவே வேண்டாம். மூன்று, ஆறு, பன்னிரண்டு என்று கணக்குப் போட்டு, நான் என்ன தப்புச் செய்தேன் என்று கண்டுபிடித்துவிடுவான். அதில் அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள்தான் கல்லிடையில் இறங்குகிறீர்களே. ரோட்டைக் கடந்தால் டீக்கடை. "பஸ்ஸில் ஒருத்தர் சொல்லச் சொன்னார்" என்று சொன்னால் போதும். பெயர் வேண்டாம். அவனுக்குத் தெரியும்.

கண்டக்டர் பேச்சைக் கேட்காதீர்கள். "இன்னைக்காவது எறங்குதியளா அண்ணாச்சி? அவரு போன வாரம் ஏங்கிட்ட வந்து, மூணாவது ஜன்னல்ல இருக்கவரு எதுவரைக்கும் டிக்கெட் எடுக்காருன்னு கேட்டாரு" என்கிறார். பார்த்தீர்களா காவலை? கண்டக்டரிடமே விசாரணை.

அதோ ஸ்டாப். அதோ பாருங்கள், சொன்னேன் இல்லையா? பெஞ்சில். பச்சைக் குடை பக்கத்தில். மெலிந்துவிட்டான். பஸ்ஸைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறான், உயரத்தைக் காட்டி என்னைப் பயமுறுத்த.

இறங்குங்கள், இறங்குங்கள், வண்டி நிற்காது. பையை எடுத்துக்கொண்டீர்களா? கடைசி ஆளை. மறந்துவிடாதீர்கள். எங்கே நீங்கள் திரும்பிப் பார்க்கிறீர்கள்? நானா? எனக்குப் பாபநாசம் வரை டிக்கெட் இருக்கிறது, வீணாகிவிடும்.

ஒரு நிமிஷம், தம்பி. அவன் பெஞ்சில் இரண்டு கிளாஸ் டீ வைத்திருக்கிறான். ஒன்றின் மேல் தட்டுப் போட்டு மூடியிருக்கிறான். சர்க்கரை வியாதிக்காரன், டீயையே நிறுத்திவிட்டான் என்று வடிவு சொல்லியிருந்தாள். யாருக்கு வாங்கி வைத்திருக்கிறானோ. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவருக்காகத்தான் இருக்கும், அவனுக்கு அந்த மரியாதை எல்லாம் உண்டு. கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வாங்கிக் குடியுங்கள். ஆறிப்போய்விடும்.